பங்குனியில் எடுத்த தண்ணீர்: செட்டிநாட்டுச் சிற்றாறு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆண்டில் பாதிக்கு மேல் மணலாகக் கிடக்கும் ஆற்றுக்காக மனு கொடுக்கப் போனால், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி "அதுல தண்ணியே கிடையாதேங்க?" என்பதுதான். எங்கள் பகுதியில் சுத்தமான ஆற்று நீருக்காக நடந்த முயற்சி நெடுநாள் இந்தக் கேள்வியில்தான் சிக்கிக் கிடந்தது. அதிலிருந்து எப்படி மீண்டோம், எது கைகூடியது, எது இன்னும் பாக்கி நிற்கிறது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டைச் சுற்றுவட்டத்தில் இதே நிலையில் வேறு சிற்றாறுகளும் உண்டு. அங்கே வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு இது கையில் இருக்கட்டும்.

ஊர், அலுவலகம், ஆலை, ஆட்கள் எதன் பெயரையும் இதில் போடவில்லை. பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது. பெயர் போட்டால் நாளை அதே மேசையில் உட்கார்ந்து பேச முடியாது. மனு எழுதுவது, கூட்டக் குறிப்பு எடுப்பது, பதில் கடிதங்களைக் கோப்பில் சேர்ப்பது என் பொறுப்பாக இருந்தது. அதனால் பெரும்பாலும் அந்தக் கோப்பை வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஆறும் கண்மாயும் ஊருணியும்

தேனாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு, பாம்பாறு, சருகணியாறு என்று செட்டிநாட்டையும் அதை ஒட்டிய நாட்டையும் கடக்கும் ஆறுகளில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும். செம்புராங்கல் தரை. மேலே விழுந்த மழை வேகமாக ஓடிவிடும். ஓடுகிற தண்ணீரை ஓரிடத்தில் நிறுத்தி, அடுத்த ஊருக்குக் கைமாற்றி விடுவதற்காகத்தான் இந்தச் சீமையில் இத்தனை கண்மாய்கள். ஆற்றில் ஒரு அணைக்கட்டு, அங்கிருந்து கண்மாய், கண்மாய் நிறைந்தால் மிகுநீர் வழியும் கலுங்கு, கலுங்கு தாண்டினால் அடுத்த கண்மாய், அதன் வரத்துக்காலில் கிளை பிரிந்தால் குடிநீர்க் குளமான ஊருணி. ஒரு முனையில் நாற்றம் ஏறினால் மறுமுனை வரை அது போகும்.

நகரத்தார் வீடுகளிலும் இதே ஏற்பாடுதான் சிறிய அளவில் இருக்கிறது. நான்கு பக்கத்துக் கூரை மழையும் வீட்டின் நடுமுற்றமான வளவில் வந்து விழும். ஓட்டுக்கூரையின் தூசியைக் கழுவி வரும் முதல் மழையை வெளியே போகவிட்டு, பிறகு வருவதைத்தான் அண்டாவில் பிடிப்பார்கள். ஊருணிக்கும் அப்படியே. புது வெள்ளம் வந்ததும் மடையைத் திறந்துவிட மாட்டார்கள். வரத்துக்கால் கழுவிப் போகட்டும் என்று பார்த்திருந்து, தண்ணீர் தெளிந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சியாக, அதாவது மடை திறந்து தண்ணீர் பங்கிடுபவராக, இருந்த பெரியவர் இதைச் சொல்லும்போது, "மொத வெள்ளம் ஆத்தோட அழுக்குங்க. அதைக் குடிக்கிற தண்ணியில விடுவாகளா?" என்றார்.

இந்த வழக்கம்தான் பின்னால் எங்களைப் பெரிய சிக்கலில் கொண்டுபோய் நிறுத்தியது.

யார் முதலில் சொன்னார்கள்

ஊரில் யாரைக் கேட்டாலும் இந்தப் போராட்டம் கோயில் ஊருணியில் மீன் செத்து மிதந்த ஆண்டில் தொடங்கியது என்பார்கள். அது சரியில்லை. ஆற்றின் கடைமடையில் இருக்கும் குடியிருப்பு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சொல்லிவிட்டது. ஆடு தண்ணீரை முகர்ந்துவிட்டுக் குடிக்காமல் திரும்புகிறது, ஆற்றில் இறங்கினால் கால் அரிக்கிறது, கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று அவர்கள் ஊராட்சியில் எழுதிக் கொடுத்த தாள்கள் இருக்கின்றன. நான் பார்த்தேன். ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஒரு காலத்தில் மேலே இருக்கும் எங்கள் ஊர் ஊருணியில் அந்த மக்கள் குடம் வைக்கக்கூட விடப்பட்டதில்லை. அந்தத் தண்ணீர் கெட்டுப்போனபோதுதான் ஊரே எழுந்தது என்பதை அவர்கள் மறக்கவில்லை, மறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

முதல் பொதுக்கூட்டத்திற்கு அவர்களை அழைத்தபோது ஒரு பாட்டி எழுந்து கேட்டார்: "நாங்க சொன்னப்ப நாத்தம் இல்லையாய்யா? உங்க படித்துறைக்கு வந்தாத்தேன் நாத்தமா?" அம்பலகாரர் வீட்டுப் பெரியவர் எழுந்து, "நீங்க சொன்னதுதான் ஆத்தா நெசம். நாங்கதான் கேக்கல" என்று அந்தச் சபையிலேயே சொன்னார். அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு வராமல் போயிருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது. கடைமடை ஆட்கள் எங்களோடு சேர்ந்திருக்க மாட்டார்கள். அவர்கள் இல்லாமல் இதில் ஒரு அடி நகர்ந்திருக்காது.

அடுத்து, ஆற்றோடு மேலே நடந்து பார்த்தோம். நகரத்துச் சாக்கடை ஒன்று பெரிய வாயோடு ஆற்றில் இறங்குகிறது. அதற்குச் சற்றுக் கீழே கல்யாண மண்டபங்களின் குழாய்கள். நெல் அவிக்கும் ஆலை ஒன்றின் ஊறல் தண்ணீர், மோர்க்குழம்பு நிறத்தில், புளித்த வாடையோடு ஒரு ஓடை வழியாக வருகிறது. பாலத்தடியில் செப்டிக் டேங்க் லாரிகள் இரவில் இறக்கிவிட்டுப் போன தடம். கடைசியாக, எங்கள் ஊர் வீடுகளிலிருந்தே வரத்துக்காலில் செருகியிருந்த பி.வி.சி. குழாய்கள். ஊர்க் குழாய்களை முதலில் அடைப்பது என்று முடிவானது. எல்லாரும் அடைத்தார்கள் என்று சொல்ல முடியாது. உறிஞ்சுகுழி வெட்ட இடம் இல்லாத வீடுகளுக்கு ஊராட்சி பொதுக்குழி ஒன்று போட்டுக் கொடுத்தது. சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கும் நகரத்தார் குடும்பங்கள் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்காகப் பணம் அனுப்பினார்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்பு விழாவுக்கு வந்தவர்கள் நேரிலேயே நின்று குழி வெட்டிப் பார்த்தார்கள்.

மனு போன வழி

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த மனு, உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து கீழே இறங்கி, எங்கள் ஊராட்சிக்கே விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. இதை நீட்டி எழுதத் தேவையில்லை. மனு எழுதிய எல்லாருக்கும் தெரிந்த வழிதான். பயன் தந்தது தகவல் உரிமை விண்ணப்பம். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். "நடவடிக்கை என்ன?" என்று கேட்டால் "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று பதில் வரும். ஆகவே நாங்கள் கேட்டது ஆவண நகல் மட்டும்: இந்த ஆற்றில் எடுக்கப்பட்ட நீர் மாதிரிகளின் ஆய்வு அறிக்கை, எடுத்த தேதி, எடுத்த இடம்.

பதில் வந்தது. தண்ணீர் பெரிய குறை சொல்லும்படி இல்லை என்றுதான் அறிக்கை. தேதிகளைப் பார்த்தால் எல்லாம் கார்த்திகை, மார்கழி. இடம், நகரத்துக்கு மேலே இருக்கும் தார்ச்சாலைப் பாலம். வண்டியை நிறுத்த வசதியான இடம் அது. மழைத் தண்ணீர் கரை தொட்டு ஓடும்போது, சாக்கடை சேர்வதற்கு முன்னாலேயே ஒரு குப்பி மொண்டால் என்ன கிடைக்கும்? நல்ல தண்ணீர்தான் கிடைக்கும். அறிக்கையில் பொய் ஒன்றும் இல்லை. அது ஆற்றின் வேறொரு மாதத்தைப் பற்றிய அறிக்கை, அவ்வளவுதான்.

இந்த ஆய்விலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: வற்றும் ஆற்றில் மாதிரி எடுக்கும் நாளும் இடமும்தான் வழக்கே. காவிரி போன்ற ஆற்றில் விழும் சாக்கடை, ஓடுகிற தண்ணீரில் கலந்து நீர்த்துப்போகும். இங்கே தைக்குப் பிறகு கலப்பதற்கு ஆற்றில் எதுவும் இல்லை. பங்குனி, சித்திரையில் ஆற்றில் ஓடுவது முழுக்கச் சாக்கடைதான். அது குட்டை குட்டையாகத் தேங்கி, அடியில் கறுப்புச் சேறாகப் படிந்து, ஆவணி புரட்டாசியின் இடிமழையில் ஒரே தள்ளாகக் கண்மாய்க்கு வந்து சேர்கிறது. மீன் செத்தது அந்த முதல் வெள்ளத்தில்தான், கோடையில் இல்லை.

காலண்டர் தாள்

இதை எங்களுக்குக் காட்டிக் கொடுத்தது ஆய்வுக்கூடம் இல்லை, கடைமடையில் ஆடு மேய்க்கும் ஒரு அக்கா. அவர் தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளை எறிவதில்லை. பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, நூலில் கோத்து வைத்திருந்தார். பிள்ளைக்குப் படிப்புக்கு உதவும் என்று தாளைச் சேர்க்க ஆரம்பித்தவர், ஆடு தண்ணீர் குடித்ததா இல்லையா என்பதைக் குறிக்கப் போய், அதுவே ஆற்றின் நாட்குறிப்பாகிவிட்டது. "காலை கருப்பு. மத்தியானம் கஞ்சி நெறம். ஆடு குடிக்கலை." "நுரை முழங்கால் ஒயரம்." "ராத்திரி லாரி சத்தம். விடிய நாத்தம்." ஒவ்வொரு தாளும் இவ்வளவுதான்.

அந்தத் தாள்களைத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் தாள்களைத் திருப்பிப் போட்டாள். முன்பக்கத்தில் அச்சாகியிருக்கும் சுபமுகூர்த்த நாளுக்கும், பின்பக்கத்தில் "நுரை" என்று எழுதியிருந்த நாளுக்கும் பொருத்தம் கண்ணுக்கு நேரே தெரிந்தது. தை, வைகாசி, ஆவணித் தாள்களில் முகூர்த்தத்துக்கு மறுநாள் காலையில் நுரை. பாத்திரம் கழுவிய தண்ணீர். கஞ்சி நிறம் வந்த நாட்கள் ஆலை நெல் அவித்த நாட்களோடு ஒத்துப்போயின. லாரி வந்த இரவுகளும் தனியாகத் தெரிந்தன. எங்கிருந்து எது வருகிறது என்பதற்கு நாங்கள் ஊகமாக வைத்திருந்த பட்டியல், இந்தத் தாள்களால் தேதியோடு கூடிய பட்டியல் ஆனது. அதன் பிறகு அலுவலகத்தில் எங்களை உட்காரச் சொல்லிப் பேசினார்கள்.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. எங்கள் ஊரில் பயிற்சி பெற்றவர்கள் களச் சோதனைப் பெட்டியோடு ஊருணிக்கும் கிணறுகளுக்கும் போனார்கள். அதில் ஊர் மக்களை அசைத்தது ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பிச் சோதனை. குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலைய அறிவியலாளர்கள் 1982-இல் வெளியிட்ட எளிய முறை அது. மருந்து ஏற்றிய தாள் உள்ள குப்பியில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், மலக்கழிவு கலந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். ஊராட்சி அலுவலகச் சன்னலில் குப்பிகளை வரிசையாக வைத்தார்கள். ஆற்றோரக் கிணற்றுக் குப்பி மறுநாள் காலையிலேயே மை போலக் கறுத்திருந்தது. வெள்ளைத் தாளில் கோடு கோடாக எழுதிக் காட்டியபோது அசையாதவர்கள், அந்தச் சன்னலைப் பார்த்துவிட்டுப் போய் அன்று மாலையே வீட்டுக் குழாயை அடைத்தார்கள்.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. போராடுகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, கழிவுநீர் மாதிரியை வழக்கில் சான்றாகக் கொள்ள வேண்டுமானால் எப்படி எடுக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. கழிவை விடுகிறவருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும், முத்திரை வைத்துக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். நாம் குப்பியில் மொண்டு போவது அந்த இடத்துக்கு வராது. ஊர்ச் சோதனையின் வேலை, அதிகாரம் உள்ளவரைச் சரியான நாளில் சரியான இடத்துக்கு வரவழைப்பது. அந்த வேலையை அது செய்தது.

கழிவுநீர் வேண்டும் என்றவர்கள்

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும்: ஆற்றில் சாக்கடை விழுவதை நிறுத்தக் கூடாது என்று சொன்ன விவசாயிகள் எங்களுக்குள்ளேயே இருந்தார்கள். மானாவாரிச் சீமையில் பன்னிரண்டு மாதமும் ஓடுகிற ஒரே தண்ணீர் அதுதான். ஆற்றோரத்தில் மோட்டார் வைத்து கோ-4 தீவனப்புல்லும் தென்னையும் வைத்திருந்தார்கள். பால் மாடு அந்தப் புல்லை நம்பி நின்றது. "உங்களுக்கு ஊருணி. எங்களுக்கு இதுதாண்ணே கண்மாய்" என்றார் ஒருவர். கூட்டத்தில் சிலர் அவரைத் திட்டினார்கள். எனக்கு அவர் பக்க நியாயமும் பெரியதாகவே பட்டது. இந்தத் தண்ணீரை வைத்து அவர் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கிறார்.

நொய்யலில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர் சாயக்கழிவு தேங்கி, பாசனத்துக்கென்று கட்டிய அணையின் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. சாயக்கழிவின் உப்பு நிலத்தைக் கொன்றுவிடும். வீட்டுச் சாக்கடையில் அப்படியில்லை. அதில் பயிருக்கு உரமும் இருக்கிறது, கிருமியும் இருக்கிறது. ஆகவே "நிறுத்து" என்ற ஒரே கோரிக்கையை விட்டுவிட்டு, "தேக்கித் தெளியவைத்து, புல்லுக்கும் தென்னைக்கும் மட்டும் கொடு; பச்சையாகத் தின்கிற கீரை, காய்க்குக் கொடுக்காதே" என்று கோரிக்கையை மாற்றி எழுதினோம். மோட்டார் வைத்திருந்தவர்கள் அந்த மனுவில் கையெழுத்திட்டார்கள். எழுதிய மனுக்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நீதிமன்றம் போவதா

சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போகலாம் என்று இளைஞர்கள் விரும்பினார்கள். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. 14-ஆம் பிரிவின் கீழ் போவதானால் வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். இது தெரியாமல் பல ஊர்கள் மனு கொடுத்துக் காத்திருந்தே காலத்தைக் கடத்திவிடுகின்றன.

பாலாற்றின் கதையை ஒரு கூட்டம் முழுக்கப் பேசினோம். தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்பதையும், கேடு நிகழும் முன் தடுக்க வேண்டும் என்பதையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநிறுத்தியது. இன்று எந்த ஊர் ஆற்றுக்காக எவர் வழக்குப் போட்டாலும் அந்தத் தீர்ப்பின்மேல்தான் நிற்கிறார்கள். ஆனால் அதே தோல்கழிவு, அதே பாலாறு, அதே இழப்பீடு குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30-இல் மீண்டும் ஆணையிட வேண்டி வந்தது. நொய்யலிலும் பல ஆண்டு வழக்குக்குப் பிறகு 2011 ஜனவரி 28-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலாறும் நொய்யலும்கூட ஆண்டு முழுக்க ஓடாத ஆறுகள். சட்டம் வென்ற பிறகும் மண்ணில் ஏறிய உப்பு இறங்கவில்லை.

நாங்கள் வழக்குக்கான தாள்களை எல்லாம் தயார் செய்து வைத்துக்கொண்டு, முதலில் பேச்சுவார்த்தைக்கே போவது என்று முடிவு செய்தோம். எங்கள் ஆற்றில் உப்பு ஏறவில்லை, ஏறியிருப்பது சேறும் கிருமியும். கழிவு வருவது நின்றால் சில மழையில் மீளக்கூடிய ஆறு. காலம் எங்கள் பக்கம் இருந்தது. சாயமோ தோலோ விழும் ஊருக்கு இந்த முடிவு பொருந்தாது. அங்கே ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து.

கூட்டு மாதிரி

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை. அதில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கூட்டம், பங்குனியில் வருகிறது. அந்தச் சபையில் தீர்மானம் போட்டோம்: பங்குனி முடிவதற்குள், அதிகாரிகள், ஊராட்சி, கடைமடை மக்கள் மூவரும் முன்னிலையில், நாங்கள் குறிக்கும் மூன்று இடங்களில் மாதிரி எடுக்க வேண்டும். நகரத்துக்கு மேலே ஒன்று, சாக்கடை வாய்க்குக் கீழே ஒன்று, கண்மாய் வரத்துக்கால் பிரியும் இடத்தில் ஒன்று.

வந்தார்கள். மேலே இருந்த முதல் இடத்தில் மொள்வதற்குத் தண்ணீர் இல்லை. வெறும் மணல், நடுவில் சீமைக்கருவேல். அலுவலர் படிவத்தில் "நீர் இல்லை" என்று எழுதினார். எங்களோடு வந்த வக்கீல் அந்த வரியைச் சுட்டி, "சார், கீழ ரெண்டு எடத்துல தண்ணி இருந்தா அது எங்கேருந்து வந்துச்சுன்னு இதுலயே பதில் இருக்குல்ல?" என்றார். அலுவலர் தலையசைத்து, அதையும் குறிப்பில் சேர்த்துக்கொண்டார். அவ்வளவு ஆண்டுகளாக எங்களுக்கு எதிராக இருந்த "தண்ணியே கிடையாதே" என்ற சொல் அந்தப் படிவத்தில் எங்கள் சான்றாக மாறியது.

சாக்கடை வாய்க்குக் கீழே, ஆய்வக உதவியாளர் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, இரண்டு மருந்துகளைச் சொட்டு விட்டு மூடி, தலைகீழாகக் குலுக்கினார். தண்ணீரில் ஆக்சிஜன் கரைந்திருந்தால் பழுப்பாகத் திரளும், இல்லையென்றால் வெள்ளையாகத் திரளும் என்று அவரே எங்களுக்கு விளக்கினார். சுற்றி நின்ற நாங்கள் அனைவரும் குப்பியையே பார்த்தோம். பால் திரிந்தது போல வெள்ளையாக இறங்கியது. குளிக்கத் தகுந்த ஆற்று நீருக்கு ஒரு லிட்டரில் கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) 3-க்கு மேல் போகக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு. ஆய்வு முடிவு வந்தபோது 3-ஐ விடுங்கள், நீர்நிலையில் விடும் கழிவுக்கான பொது வரம்பான 30-ஐயும் இரண்டு இடங்களும் தாண்டியிருந்தன.

அடுத்த ஆட்சியர் கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆலை, ஊறல் தண்ணீருக்குத் தொட்டி கட்டித் தேக்கி, தெளிந்ததைத் தன் தோப்புக்கே பாய்ச்சிக்கொள்ள ஒப்புக்கொண்டது; செய்தும் முடித்தது. மண்டபங்களில் எண்ணெய்ப் பிசுக்குப் பிடிக்கும் தொட்டி வந்தது. லாரிக்காரர்களை அந்தக் கூட்டத்துக்கு அழைத்திருந்தோம். அவர்கள் சொன்னது வேறு எவருக்கும் தோன்றாதது. செப்டிக் டேங்க் கசடு சுத்திகரிப்பு நிலையத்தை மாலையோடு பூட்டிவிடுகிறார்கள். வீட்டுக்காரர்கள் நாற்றம் அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது என்று இரவில்தான் கூப்பிடுகிறார்கள். ஏற்றிய லாரியை விடியும் வரை எங்கே நிறுத்துவது? நிலையத்தின் வாசலை இரவிலும் திறந்துவைக்க ஏற்பாடானது. பாலத்தடியில் இறக்குவது அதோடு நின்றது. அபராதப் பலகையால் நிற்காதது அது.

முதல் வெள்ளம் யாருக்கு

மிச்சமிருந்தது நகரத்துச் சாக்கடை. பெரிய சுத்திகரிப்பு வேலைக்குக் காலம் பிடிக்கும் என்பதால், சாக்கடை வாயில் மண்கரை போட்டு இரண்டு தெளிகுட்டைகள் வெட்டி, சம்பும் கோரையும் வளரவிட்டு, அதன் வழியே தண்ணீரைச் செலுத்தும் இடைக்கால ஏற்பாடு வந்தது. அங்கிருந்து வெளிவரும் தண்ணீர்தான் புல் விவசாயிகளுக்கு.

அந்த ஆண்டு மழைக்கு முன் ஊர்க்கூட்டத்தில் பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரத் தீர்மானித்தோம். முதல் வெள்ளத்துக்கு ஊருணி மடையை அடைத்து, அழுக்கை ஆற்றோடு கீழே போகவிடுவது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆச்சி ஒருவர் மடைப் பலகைக்குத் தானே செலவு செய்வதாகச் சொன்னார். அப்போது காலண்டர் அக்கா கேட்டார்: "நீங்க வேணாம்னு தள்ளுறது எங்க ஊருக்குத்தானே வரும்? எங்களுக்கும் ஊருணி இருக்குல்ல?"

கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாருக்கும் பதில் இல்லை. பழைய நாளில் முதல் வெள்ளத்தில் வந்தது கரையின் தூசியும் சருகும் மாட்டுச் சாணமும்தான். யார் ஊருக்குப் போனாலும் வண்டலாகப் படிந்தது. இப்போது வருவது எட்டு மாதச் சாக்கடைச் சேறு. அதே வழக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டால் மேல் ஊர் தப்பிக்கும், கீழ் ஊர் குடிக்கும். தீர்மானத்தை மாற்றினோம். மடையை அடைப்பதற்கு முன்னால், ஆவணியிலேயே ஆற்றுக் குட்டைகளில் படிந்த சேற்றை அள்ளி வெளியேற்ற வேண்டும். அது முடிந்தால்தான் மடைப்பலகை. அள்ளிய சேற்றை ஆற்றங்கரையில் குவிக்காமல் கசடு நிலையத்துக்கே கொண்டுபோக வேண்டும் என்ற வரியையும் அவர்தான் சேர்க்கச் சொன்னார். அந்தச் செலவு மடைப்பலகையைப் போலப் பல மடங்கு. ஆச்சி தன் பணத்தைச் சேறு அள்ளுவதற்கு மாற்றிக் கொடுத்தார். மிச்சத்தை இரு ஊராட்சிகளும் வெளிநாட்டுக் குடும்பங்களும் ஏற்றன.

அந்த ஆண்டு ஊருணியில் மீன் சாகவில்லை. கடைமடை ஊருணியிலும் சாகவில்லை.

இப்போது

கார்த்திகைப் பெருமழையில் தெளிகுட்டையின் மண்கரை உடைந்தது. மண்ணை மட்டும் நம்பிக் கரை போட்டது போதவில்லை. வெள்ளம் தாண்டிப்போகக் கலுங்கு வைத்திருக்க வேண்டும் என்று நீர்ப்பாய்ச்சிப் பெரியவர் முன்பே சொன்னதை மதிப்பீட்டில் யாரும் சேர்க்கவில்லை. குட்டை போனதால் இரண்டு குடும்பங்களின் தீவனப்புல் அந்தப் பருவத்தில் காய்ந்தது. அவர்களுக்கு இழப்பீடு இன்னும் கிடைக்கவில்லை. ஆற்றுக்காகக் கையெழுத்திட்டவர்கள் அவர்கள். அவர்களுக்குச் சேர வேண்டியதை வாங்கிக் கொடுக்காமல் அடுத்த கோரிக்கைக்குப் போவது தவறு என்று நான் கூட்டத்தில் சொல்லி வருகிறேன். செம்புராங்கல் கலுங்கோடு புதிய மதிப்பீடு இப்போது ஒப்புதலுக்குப் போயிருக்கிறது.

பங்குனி மாதிரி மூன்று இடங்களிலும் ஆண்டுதோறும் எடுக்கப்பட வேண்டும் என்பது கிராம சபையின் நிலைத் தீர்மானமாகியிருக்கிறது. அதோடு, முதல் வெள்ளம் வரும் நாளிலும் ஒரு மாதிரி வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அது எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் அலுவலகம் தயங்குகிறது. மழை இறங்கியதும் ஊரிலிருந்தே குப்பியில் மொண்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே மாவட்ட ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பதற்கு ஊர்ப் பெண்களுக்கு அனுமதி கொடுங்கள் என்பது எங்கள் மாற்று யோசனை. மேல் ஊருக்கு இருவர், கடைமடைக்கு இருவர் என்று பெயர் கொடுத்திருக்கிறோம். அந்த அனுமதிக் கடிதம் புரட்டாசிக்கு முன் கைக்கு வர வேண்டும். அதற்காகத்தான் இப்போது அலைந்துகொண்டிருக்கிறோம்.